அறுபத்திரண்டு மடல்கள்

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லா பைத்துல்மாலிலிருந்து மாணவர்களுக்குக் கல்வி உதவி ஒதுக்கப்பட்டபோது, அதைக் குடும்பங்களுக்கு மின்னஞ்சலில் அறிவிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே மடலை எழுதி, எல்லா முகவரிகளையும் பெறுநர் இடத்தில் ஒட்டி அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. உதவி பெறுவோர் யார் யார் என்பதை அத்தனை வீடுகளும் ஒருசேர அறிந்துகொண்டன.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஒரு தகப்பனார் ஹவ்ளருகே என்னை நிறுத்தினார். "தம்பி, என் மக படிக்கிற காசு எங்கேயிருந்து வருதுன்னு அவ கூட்டாளிங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறைவாகக் கொடுப்பதைச் சிறப்பிக்கும் அல்பகராவின் 271ஆம் வசனத்தைப் பலமுறை ஓதியவன் நான்.

முகவரிகளை மறைத்து அனுப்பும் வசதி மின்னஞ்சலிலேயே உண்டுதான். ஆயினும் தொகையும் காசோலை பெறும் நாளும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே இவ்வாண்டு 'மெயில்மெர்ஜ்' என்னும் இலவசக் கருவியை நாடினேன். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பொத்தான்கள் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்யவேண்டும். எக்செல் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, மடலின் மாதிரியில் பெயரும் தொகையும் வரவேண்டிய இடங்களில் அந்தந்தப் பத்தியின் தலைப்பை இரட்டை நெளி அடைப்புக்குள் இட்டால் போதும். வரிசைக்கு ஒரு தனி மடல் உருவாகும். சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 வகையைத் தேர்ந்தெடுக்க மறந்தேன். தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாயின. கடவுச்சொல்லை அது கோப்பில் எழுதிவைக்கச் சொல்லாமல், அனுப்பும் வேளையில்தான் கேட்கிறது. இது எனக்குப் பிடித்திருந்தது.

அதைவிடப் பிடித்தது அதன் தயக்கம். நாமாகச் சொல்லாதவரை அது எதையும் அனுப்புவதில்லை. முதல் மடலை மட்டும் திரையில் காட்டி நின்றுவிடுகிறது. அந்த எல்லையை நீக்கி, ஒத்திகையாகவே அறுபத்திரண்டு மடல்களையும் திரையில் ஓடவிட்டுப் படித்தேன். பத்தொன்பதாவதில் கை நின்றது. பள்ளி மாணவர் ஒருவருக்குப் பொறியியல் படிப்புக்குரிய தொகை! எக்செலில் ஒரு பத்தியை மட்டும் தனியே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெயர் ஒருவருடையது, தொகை இன்னொருவருடையது. அன்று அப்படியே அனுப்பியிருந்தால், சென்ற ஆண்டின் பிழை இதன் முன் சிறியதாகியிருக்கும்.

மூலப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்க இஷாவரை ஆயிற்று. பின்னர் முதல் மடலாக என் முகவரிக்கே ஒன்றை அனுப்பிப் பார்த்துவிட்டு, மற்றவற்றை விடுத்தேன். சில நிமிடங்களில் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பெரிய ஜமாஅத்தினர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 மடல்களே எல்லை.

அந்தத் தகப்பனாரின் பெயர் இவ்வாண்டுப் பட்டியலில் இல்லை. அவர் விண்ணப்பிக்கவேயில்லை. மறுநாள் மக்ரிபுக்குப் பின் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். படிவத்தை வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் வைத்தார்.

"பார்ப்போம் தம்பி" என்றார்.