அம்மாவின் முட்டியும் மூணு வகை வெட்டும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. வழக்கம்போல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா இந்தத் தடவை நான் புடுங்கினது ஆணி இல்லை. எலும்பு வெட்டிட்டிருந்தேன். பயப்படாதீங்க, கம்ப்யூட்டர்லதான்.

பெல்ஜியத்துல லூவன்ங்கிற ஊர்ல படிக்கிறேன்னு பழைய ஆட்களுக்குத் தெரியும். சைக்கிள், மழை, திரும்பவும் மழை. மருத்துவ முப்பரிமாண மாடலிங்ல பேர் வாங்கின மெட்டீரியலைஸ் கம்பெனி 1990-ல ஆரம்பிச்சது இதே ஊர்லதான். அந்தக் காத்து பட்டோ என்னவோ, என் ஆய்வும் எலும்புலயே வந்து நின்னுச்சு. சி.டி. ஸ்கேன்லேர்ந்து எடுத்த டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பு. அதோட தலையை ஒரு தளத்தால சீவி, பிரிண்ட் பண்ணி, மேல செயற்கை மூட்டோட தட்டு சரியா உக்காருதான்னு பார்க்கணும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில நிஜமா செய்றதோட பொம்மை வடிவம்.

முதல் வெட்டுலயே சொதப்பினேன். ரைனோ மென்பொருள்ல கிளிப்பிங் பிளேன்னு ஒண்ணு இருக்கு. வச்சதும் எலும்போட தலை அழகா காணாமப் போச்சு. ஆஹா, இவ்வளவுதானான்னு எஸ்.டி.எல். கோப்பா மாத்தி சாயங்காலம் பிரிண்டருக்கு அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா முழு எலும்பு, தலையோட, கம்பீரமா நிக்குது! அந்தத் தளம் எதையும் வெட்டாதாம். தனக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை நம்ம கண்ணுக்குக் காட்டாது, அவ்வளவுதான். அனுப்புறதுக்கு முன்னாடி பிரிண்டர் மென்பொருள்ல ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கலை.

அந்த எலும்பைக் கையில வச்சுட்டு முழிச்சிட்டிருந்தப்பதான் திருநெல்வேலியிலேர்ந்து போன்.

"ஏட்டி, ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. பதினாலாந்தேதி."

அம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையலரா 26 வருஷம் இருந்தாங்க. அரிவாள்மனை முன்னாடி உக்காந்து உக்காந்து எந்திரிச்ச முட்டி. வலது கால் வில்லு மாதிரி வளைஞ்சு ரெண்டு வருஷமாச்சு.

"நான் வாரேம்மா."

"நீ எதுக்கு? அந்த டிக்கெட்டு காசுல பாதி முட்டி வாங்கிரலாம். படிப்ப முடி." அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எலும்ப வெட்டுவாவளாமே. எவ்வளவுட்டி வெட்டுவாவ?"

"ஒரு சென்டிமீட்டர் இருக்கும்மா." இது நிஜந்தான். கீழ் எலும்புல தேய்மானம் குறைஞ்ச பக்கத்துலேர்ந்து பெரும்பாலும் 8லேர்ந்து 10 மில்லிமீட்டர். மேல் எலும்புல மொத்தம் அஞ்சு வெட்டுன்னு நான் சொல்லலை.

அண்ணன் முழுக்கால் எக்ஸ்ரேயை ஜன்னல்ல சாய்ச்சு வச்சு போட்டோ எடுத்து அனுப்பினான். நான் சும்மா இருப்பேனா? இடுப்பு மூட்டோட நடு, முட்டியோட நடு, கணுக்காலோட நடு, மூணையும் கோடு போட்டுச் சேர்த்துப் பார்த்தேன். நேரா ஒரே கோட்டுல வர வேண்டியது, முட்டியில ஒடிஞ்சு நிக்குது. அந்த நேர்கோட்டைத் திரும்பக் கொண்டு வரத்தான் வெட்டே. வெட்டுத் தளம் அந்த அச்சுக்குச் செங்குத்தா வரணும், முன்னே பின்னே 3 டிகிரிக்குள்ள இருக்கணும்ங்கிறது பழைய கணக்கு. நானும் ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து டிகிரி அளந்தேன். சாய்ச்சுப் பிடிச்ச போட்டோவுல டிகிரி அளக்கிற என்னை என்ன சொல்ல!

சரி, ரெண்டாவது வகை வெட்டுக்கு வருவோம். மூட்டுத் தட்டை நானே ரைனோவுல வளைபரப்பா வரைஞ்சிருந்தேன். அதை டிரிம் கட்டளையால வெட்டினா, வெட்டின பகுதி போயிடும். ஆனா முழுசாப் போகாது. அடியில பழைய பரப்பு அப்படியே முழுசா இருக்கும். இந்த எல்லைக்கு வெளியே இருக்கிறதைக் கணக்குல எடுக்காதேன்னு ஒரு கோடு மட்டும் போட்டு வச்சிருக்கும். அன்டிரிம்னு சொன்னா மறுபடி எழுந்து வந்துரும். ரொம்ப நல்ல ஏற்பாடு.

எலும்பு மாடல் அப்படி இல்லை. அது வெறும் முக்கோணங்களால ஆன மெஷ். அதை பிளெண்டர்ல பைசெக்ட் வச்சு வெட்டினேன். ஒவ்வொரு முக்கோணத்தோட மூலையும் தளத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு பார்க்கும். மூணு மூலையும் ஒரே பக்கம்னா பிரச்சனை இல்லை. ரெண்டு பக்கமும் கால் வச்சிருந்தா, தளம் விளிம்பைத் தொடுற ரெண்டு இடத்துல புதுப் புள்ளி வச்சுப் பிளக்கும். ஒரு பக்கம் சின்ன முக்கோணம், இன்னொரு பக்கம் நாற்கரம். நாற்கரத்தை ரெண்டாக்கினா, ஒண்ணு இருந்த இடத்துல மூணு. வேண்டாத பக்கத்தை அழிச்சுட்டா அது போனது போனதுதான்.

வெட்டின இடத்துல இன்னொரு கூத்து. உள்ளே சதையும் இல்லை, மஜ்ஜையும் இல்லை, முட்டை ஓடு மாதிரி காலி. மூடச் சொல்றதுக்கு ஃபில்னு ஒரு தேர்வு இருக்கு, நான் கிளிக் பண்ண மறந்துட்டேன். கைடு வேற, வெட்டின துண்டோட கன அளவைக் கேட்டிருந்தார். கணக்குப் போட்டேன், ஒரு எண் வந்துச்சு. மாடலைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு மறுபடி போட்டா வேற எண். இன்னும் தள்ளினா மைனஸ்ல வருது! எலும்பை மேசையில நகர்த்தினா எடை மாறுமா? விஷயம் இதுதான்: ஒவ்வொரு முக்கோணத்தையும் ஆதிப்புள்ளியோட சேர்த்து ஒரு நான்முகி ஆக்கி, பிளஸ் மைனஸ் போட்டுக் கூட்டுறாங்க. மூடின உருவம்னா வெளியே போன கணக்கெல்லாம் தன்னால கழிஞ்சிரும். ஓட்டை இருந்தா கழியாது. மூடினேன், எண் அசையாம நின்னுச்சு.

இதையெல்லாம் செஞ்சது 14-ந்தேதி காலையில. ஊர்ல பத்தரை மணிக்கு அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போனாங்க, இங்க ஆறு. வீட்ல இருக்க முடியாம லேபுக்கு வந்துட்டேன். வேணும்னே அதே டிபியாவை எடுத்து வெட்டினேன், கண்ட்ரோல் இசட் அழுத்தினேன், மறுபடி வெட்டினேன். எத்தனை தடவைன்னு எண்ணலை. எட்டேகாலுக்கு அண்ணன்கிட்டேர்ந்து "முடிஞ்சிச்சு. நல்லாருக்காவ"ன்னு மெசேஜ். அதுக்கு அப்புறம்தான் தண்ணி குடிச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா அடுப்படி மேடை முன்னாடி நின்னு, பலகையில கத்தியால கத்தரிக்காய் நறுக்கிட்டிருந்தாங்க. தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால அரிவாள்மனை பரண்ல ஏறிடுச்சு. "ஒண்ணுகூட ஒரே அளவா வரல பாத்தியா. அதுல காய நவுத்தணும், இதுல கத்திய நவுத்தணும். கை பழக மாட்டேங்கு."

நான் பிரிண்ட் பண்ணின எலும்பைக் கேமராவுல காட்டினேன். தலை சீவினது. உத்துப் பார்த்தாங்க.

"மட்டமாத்தான் வெட்டிருக்க. மேல இருந்த துண்டு எங்கட்டி?"

"கணக்கு முடிஞ்சதும் அழிச்சிட்டேம்மா."

கொஞ்ச நேரம் கத்தி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"என்னோடத அவ்வ என்ன செஞ்சிருப்பாவ?"

அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். இன்னும் கேட்கலை.