கேட்டுப் பெற்ற பயணம்

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். அழுவதைவிட அறிந்து கேட்பதே மேல் என்பதை நான் ஓர் இரவில் கற்றுக்கொண்டேன்.

அது 2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறை. மும்பையில் இருக்கும் என் அத்தைக்கு மறுநாள் பிற்பகல் அறுவை சிகிச்சை. மகளின் அருகில் இருக்க வேண்டும் என்று பாட்டி துடித்தார். அப்பா, பாட்டி, நான் மூவரும் நெய்வேலியிலிருந்து பேருந்தில் சென்னை விமான நிலையத்தை அடைந்தோம். எங்கள் விமானம் இரவு எட்டரை மணிக்கு. ஒன்பதரை என்றார்கள், பிறகு பதினொன்று என்றார்கள், கடைசியில் ரத்து என்றார்கள்!

ஒரே கூச்சல். கவுண்டரில் நின்ற இளம்பெண்ணைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் கத்தினார்கள். "பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு டிக்கெட் எடுங்கள் அப்பா" என்று நானும் அவசரப்படுத்தினேன்.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர் தடுத்தார். "பணத்தை வாங்காதீர்கள் சார். வாங்கிவிட்டால் மாற்று விமானம் தரும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. இந்த நேரத்தில் புது டிக்கெட் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது. மாற்று விமானம் கேளுங்கள். பணமா, பயணமா என்று முடிவு செய்வது நாம்தான்."

அவர் சொன்னது உண்மையே. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010இல் வெளியிட்ட விதி அது. காத்திருக்கும் பயணிக்கு உணவு உண்டு. தேவைப்பட்டால் இரவு தங்க இடமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டதே, அதுபோன்ற இயற்கைச் சீற்றத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "நாளை மதியத்துக்குள் மும்பை சேர வேண்டும் அம்மா. நேர் விமானம் இல்லையென்றால் பெங்களூர் வழியாகப் பாருங்கள்" என்றார். முதலில் மறுநாள் மாலை என்று சொன்ன அந்தப் பெண், மீண்டும் தேடி, விடியற்காலை விமானத்தில் மூன்று இடம் பிடித்துத் தந்தார்.

"காலையில் வேறோர் ஊரில் பழுதான விமானம் சார். அதுதான் இங்கும் வர வேண்டியது" என்றார். "எங்கள் சுரங்கத்திலும் ஒரு கன்வேயர் நின்றால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடும்" என்று அப்பா சிரித்தார். பாட்டி புளிசாதப் பொட்டலம் ஒன்றை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். மதியத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைக் குறை சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்திதானே!

மறுநாள், அத்தையை உள்ளே அழைத்துச் சென்றபோது பாட்டியின் கை அவர் கையைப் பற்றியிருந்தது.

அன்புத் தோழியரே, நம் உரிமையை அறிந்து வைத்திருப்போம். கேட்கவும் தயங்க வேண்டாம். ஆனால் எதிரே நிற்பவரும் நம்மைப் போல் களைத்தவரே என்பதை மறக்காமல் கேட்போம்.