கணினியும் தொம்பையும்

தன் பிழையைப் பிறர் அறியக் கூறுதல் எவர்க்கும் எளிதன்று. அப்பிழையைத் தீங்கு கருதிச் செய்யாமல், நன்மை செய்வதாக எண்ணிப் பெருமிதத்தோடு செய்தேன் என்று ஒப்புக்கொள்ளுதல் அதனினும் அரிது. சென்ற கோடை விடுமுறையில் யான் கொல்லிமலையில் இழைத்த பிழை அத்தகையது. நம் கல்லூரி மாணவருட் பலர் தத்தம் இல்லத்தாருக்குக் கணினி வைத்தியராக விளங்குகின்றனர். அவர்கட்கேனும் என் அனுபவம் பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

என் பெரியப்பா வாசலூர்பட்டியில் வசிப்பவர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேற் சென்றால், மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூரை அடையலாம். உல்லாசப் பிரயாணிகள் அதனைப் படகு இல்லத்தால் அறிவர். எங்கள் குடும்பத்தாரோ பெரியப்பாவின் வீட்டால் அறிவோம். அவர் மலைநாட்டுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைவாழ் மக்களின் வாய்மொழியில் அவருக்கு அளவிறந்த பற்று உண்டு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் வகைகளுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர்கள், நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை முதியோர் வாயினின்று கேட்டு 2011ஆம் ஆண்டு முதல் தம் கணினியில் தட்டச்சுச் செய்து வந்தார். அவருக்குப் பாடிக் கொடுத்தோருட் பலர் இன்று உயிரோடில்லை.

அக்கணினி விண்டோஸ் 7 என்னும் இயக்க முறைமையால் இயங்குவது. அம்முறைமைக்கு அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு பொதுமக்களுக்கு நின்றுவிட்டன. குரோம் உலாவியும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது. ஆகவே இணையப் பக்கங்கள் பல பெரியப்பாவுக்குத் திறவாமற் போயின. "தம்பி, நீ வரும்போது இதைச் சற்றுப் பார்த்துக் கொடு" என்று அவர் தொலைபேசியிற் கூறியிருந்தார். யானும் லினக்ஸ் வகையைச் சார்ந்த இலவச இயக்க முறைமை ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, போருக்குச் செல்லும் வீரனைப்போல மலையேறினேன்.

பெரியப்பா ஞாயிறு மாலை ஆராதனைக்குச் சென்றிருந்த வேளையில் வேலையைத் தொடங்கினேன். 'ஆவணங்கள்' என்னும் கோப்புறையை மற்றொரு பென்டிரைவிற் படியெடுத்தேன். இனி அஞ்சுவது யாதுமில்லை என்று எண்ணி, வட்டு முழுவதையும் அழித்துப் புதிய முறைமையை நிறுவினேன். அவர் திரும்பி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. திரை பளபளவென்று ஒளிர்ந்தது. பக்கங்கள் விரைந்து திறந்தன. பெரியம்மா எனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தார்.

மறுநாட் காலையில் பெரியப்பா தம் கோப்பு ஒன்றைத் திறந்தார். அங்கே தமிழ் எழுத்து ஒன்றுமில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி நிறைந்து கிடந்தன. "இஃது எந்தத் தேசத்துப் பாஷை, தம்பி?" என்று நகைத்தார். பிறகு, "தாலாட்டுக்கள் எங்கே?" என்று வினவினார். யான் தேடினேன், காணவில்லை. அவருடைய தட்டச்சு மென்பொருள் தனக்கென ஒரு கோப்புறையை நிரல்களுக்கிடையே வைத்துக்கொண்டிருந்தது. 31 பாடல்கள் அங்கே இருந்தன. யான் அவ்விடத்தை நோக்கவேயில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. எழுந்து வெளியே சென்று திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுத்துச் சிதைந்ததன் காரணத்தை இங்கே சிறிது விளக்குதல் தகும். யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் அளிக்கப்பட்டது. எனினும் அது நம் நாட்டில் வழக்கிற்கு வரப் பல்லாண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் எழுத்துருவை ஆக்கியோர், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தனர். பாமினி என்னும் எழுத்துருவில் மெய்யின்மேல் நிற்கும் புள்ளிக்கு அரைப்புள்ளி ஆளப்பட்டது. எழுத்துரு உள்ளவரையில் அது தமிழ். எழுத்துரு நீங்கினால் அது வெறுங் குழப்பம். மேலும், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றியது. தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான். பெரியப்பாவின் மென்பொருளோ தனக்கே உரிய ஒரு குறியீட்டை உடையது. பாறையில் எழுத்து இருந்தும் படிப்பார் இல்லாதிருந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களின் நிலையை அக்கோப்புக்கள் அடைந்தன. அக்கல்வெட்டுக்களின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924ஆம் ஆண்டில் நிறுவினார். எனக்கு அத்தகைய அறிஞர் எவர் கிடைப்பார்?

அப்போதுதான் பழைய இயக்க முறைமையின் அருமை எனக்கு விளங்கிற்று. அம்மென்பொருள் விண்டோஸில் அன்றி வேறெதிலும் இயங்காது. அதனை இயக்க வேண்டுமாயின், யான் பழமை என்று இகழ்ந்து அழித்த அதனையே மீண்டும் பெறுதல் வேண்டும். பெரியம்மாதான் வழி காட்டினார். பள்ளிப் பதிவேடுகள் கிடந்த தகரப் பெட்டியின் அடியில், கணினி வாங்கிய நாளில் கொடுத்த நிறுவல் தட்டும், தட்டச்சு மென்பொருளின் தட்டும் ஒரு பழைய துணியிற் சுற்றப்பட்டு இருந்தன. உரிமக் குறியெண் கணினிப் பெட்டியின் பக்கத்தே ஒட்டிய தாளிற் சிறிது மங்கியிருந்தது. எனினும் படிக்க இயன்றது. யான் அவற்றைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். கணினிக்கூட உதவியாளரின் துணையால், ஒரு கணினிக்குள்ளேயே மற்றொரு கணினி இருப்பதுபோலக் காட்டும் மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதில் விண்டோஸ் 7ஐ நிறுவினேன். பாதுகாப்பற்ற பழைய முறைமையாதலின் அதனை இணையத்தோடு இணைக்கவில்லை. மென்பொருளை ஏற்றிக் கோப்பைத் திறந்தபோது 'குதிரைவாலிச் சாமை' என்னும் சொல் திரையில் தோன்றிற்று. என் கண்கள் நனைந்தன.

பின்னர் எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் வடிவம் என்று பட்டியல் ஒன்று எழுதி, கோப்புக்கள் அனைத்தையும் யூனிகோடாக மாற்றினேன். அதற்கு இரண்டு மாதம் சென்றது. கொம்பு எழுத்தின் முன்னே நிற்பதும், பழைய முறை அதனைத் தனி எழுத்தாகக் கொள்வதும் பெருந்தொல்லை விளைத்தன. ஆனால் தாலாட்டுக்கள்? நாமக்கல்லில் ஒரு கடையில் அவ்வட்டினை ஆராய்ந்து பார்த்தனர். புதிய முறைமை பழைய கோப்புக்களின் மேலேயே எழுதப்பட்டுவிட்டதாதலின், ஐந்து பாடல்களின் துண்டுகளே கிட்டின. அழிந்ததை அறிந்த அக்கணமே கணினியை நிறுத்தியிருந்தால் இன்னும் சில கிட்டியிருக்கலாம் என்றனர். யானோ, தேடுகிறேன் என்று இரண்டு நாள் அதனை ஓயாது இயக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லார்க்கும் தகரப் பெட்டியில் தட்டுக் கிடைப்பதில்லை. ஆதலின் பழைய நிறுவிகளைப் பெறும் நெறியையும் கூறுகின்றேன். முதற்கண் ஆக்கியோரையே நாடுக. ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்குரிய பழைய பதிப்புக்கள் பலவற்றைத் தன் உதவிப் பக்கத்தின் வாயிலாக வழங்குகின்றது. 2019ஆம் ஆண்டில் வந்த கேட்டலினா பதிப்பில் 32 பிட் செயலிகள் இயங்காமற் போனபோது, முன்னைப் பதிப்பின் அருமையைப் பலர் உணர்ந்தனர். உபுண்டு முதலிய லினக்ஸ் வகையினர் தம் பழம்பதிப்புக்களை எல்லாம் ஒரு தனிக் களஞ்சியத்தில் வைத்துக் காக்கின்றனர். ஆக்கியோர் அல்லாத பிறர் தரும் நிறுவிகளில் நச்சுநிரல் கலந்திருத்தல் கூடும். ஆக்கியோர் வெளியிடும் 64 குறியெழுத்துக்கள் கொண்ட சரிபார்ப்புத் தொகையோடு, நாம் பெற்ற கோப்பின் தொகை எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலன்றி அதனை நம்பலாகாது. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதனை உடையோர் பலர் இப்போது விண்டோஸ் 11க்கு மாறுகின்றனர். மாறியபின் பழையதற்கு மீளும் வழி வழக்கமாகப் பத்து நாளளவே திறந்திருக்கும். ஆகவே நிறுவியையும் உரிமக் குறியெண்ணையும் மாறுவதற்கு முன்னரே எடுத்து வைத்தல் அறிவுடைமை.

கிறிஸ்து பிறப்புப் பண்டிகை விடுமுறையில் யான் மீண்டும் வாசலூர்பட்டி சென்றேன். பெரியப்பா என்னை அயல்வீட்டு விவசாயி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் வீட்டில் மூங்கிலாற் பின்னி மண் பூசிய தொம்பை ஒன்று இருந்தது. உணவுத் தானியம் அதில். விதையோ வேறிடத்தில், சுரைக்குடுக்கையிற் சாம்பலோடு கலந்து கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. "விதை இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இன்னொரு பங்கு என் தங்கச்சி ஊரிலே இருக்கிறது சாமி. இங்கே மழை பொய்த்தால் அங்கே கேட்டு வாங்குவோம், அவர்களுக்குப் பொய்த்தால் இங்கே வருவார்கள்" என்றார் அவர். "விதைத்துப் பார்க்காத விதையை விதை என்று சொல்லுவீர்களா?" என்று பெரியப்பா வினவ, "முளைத்தால்தானே விதை!" என்று அவர் நகைத்தார்.

யான் திகைத்து நின்றேன். கணினி நூலோர், காக்க வேண்டியதற்கு மூன்று படி வேண்டும், இருவகைக் கருவிகளில் வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்று விதி வகுத்துள்ளனர். படியினின்று மீட்டுப் பார்த்தாலன்றி அது படியாகாது என்றும் கூறுவர். அவ்விதி முழுவதும் அக்குடிசையில் இருந்தது. சென்னையில் 1988ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கொல்லிமலையின் ஊர்களிற் சிறுதானிய விதை வங்கிகள் அமைய உதவியதும் இவ்வழக்கத்தின் அருமை கண்டே போலும். நார்வே நாட்டுப் பனிமலையில் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகத்தினின்று விதைகள் முதன்முதல் மீட்கப்பட்டது 2015ஆம் ஆண்டில். சிரியா நாட்டுப் போரினால் அலெப்போ நகரத்து விதை வங்கியை அணுக இயலாமற் போனதே அதற்குக் காரணம். 1981ஆம் ஆண்டில் எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படி இருந்த நூல்களை மீண்டும் வாங்கலாம். ஒரே படியாக இருந்த ஏடுகளை யாரிடம் வாங்குவது?

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் பெரியப்பா எரேமியா தீர்க்கதரிசியின் ஆகமத்தைத் திறந்தார். ஆனதோத்தில் நிலம் வாங்கிய தீர்க்கதரிசி, முத்திரையிட்ட கிரயப் பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் நெடுநாள் இருக்கும்படி மட்பாண்டத்தில் வைக்கச் செய்த வரலாற்றை முதலில் வாசித்தார். பின்பு, யோயாக்கீம் அரசன் சுருளை அறுத்து நெருப்பில் எறிந்ததையும், எரேமியா மீண்டும் சொல்லப் பாருக்கு மற்றொரு சுருளில் எழுதியதையும் வாசித்தார். புத்தகத்தை மூடிவிட்டு என்னை நோக்கி, "தம்பி, நோட்டுப் புத்தகம் கொண்டு வா" என்றார்.

அவர் நினைவிலிருந்து தாலாட்டுக்களைச் சொன்னார், யான் எழுதினேன். பன்னிரண்டு இரவுகளில் 17 பாடல்கள் கிடைத்தன. அருகூரில் வாழும் பாட்டி ஒருவர் அவற்றுட் சிலவற்றை வேறு விதமாகப் பாடினார். அவற்றைப் பாடபேதமாகக் குறித்துக்கொண்டேன். சுருளை இரண்டாம் முறை எழுதியபோது முன்னில்லாத சொற்களும் சேர்ந்தனவாம். எங்கட்கும் முன்பு எழுதாத இரண்டு நடவுப் பாட்டுக்கள் கிடைத்தன. துண்டுகளையும் கூட்டினாலும் 31இல் ஒன்பது பாடல்கள் இல்லை. அவற்றைப் பாடிய மூதாட்டி ஈராண்டுக்கு முன் இறந்துவிட்டார். அவ்வொன்பதும் என் கணக்கிலேயே நிற்கும்.

இப்போது ஒரு படி பெரியப்பாவின் கணினியிலும், ஒரு படி அவர் அலமாரியிலுள்ள தனி வட்டிலும், ஒரு படி அச்சிட்ட தாள்களாக என்னிடமும் உள்ளன. அச்சிட்ட அப்படியை நம் கல்லூரி நூலகத்திற் சேர்க்கும் பொருட்டு நூலகரிடம் விண்ணப்பித்துள்ளேன். அன்பர்காள், உங்கள் இல்லத்தில் ஒரு பழைய கணினி இருக்குமாயின், அதனைப் புதுப்பிக்குமுன் அதனை ஆளும் பெரியவரை அருகில் அமர்த்திக்கொண்டு, "எது எங்கே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். யான் கேட்கத் தவறியது அவ்வொரு கேள்வியே.