தைனானின் ஒன்பது கல் ஆமைகள்

தைவானின் தெற்கே உள்ள பழைய தலைநகரம் தைனான். அங்கே சிக்கான் கோபுரத்தின் முன்னால் ஒன்பது கல் ஆமைகள் வரிசையாக நிற்கின்றன. சீனர்களைக் கேட்டால், இவை ஆமைகளே அல்ல, பாரம் சுமக்கப் பிரியப்படும் டிராகன் பிள்ளைகள் என்பார்கள்! ஒவ்வொன்றின் முதுகிலும் ஆளுயரத்தை மிஞ்சும் ஒரு கல்வெட்டு. பார்க்க அழகுதான். ஆனால் அதில் இருப்பது ரத்தக் கதை.

1683-ல் சிங் பேரரசின் கடற்படைத் தளபதி ஷி லாங் இந்தத் தீவைப் பிடித்தார். பிடித்த கையோடு, “நமக்கு இது எதற்கு? மக்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்” என்றது அரசவையின் ஒரு பகுதி. விட்டால் டச்சுக்காரர்கள் திரும்பவும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று வாதாடியவர் ஷி லாங்தான். பேரரசர் காங்ஷி சம்மதித்தார். 1684-ல் தைவான், ஃபூஜியன் மாகாணத்தின் ஒரு மாவட்டமானது.

வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்ட தீவு. நிர்வாகமும் அப்படித்தான் நடந்தது. அதிகாரிகளுக்கு மூன்று வருடப் பதவி. குடும்பத்தைக் கூட்டி வரப் பல காலம் தடை. குடியேறும் விவசாயிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மனைவி, பிள்ளைகள் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். நடுவில் சில முறை தளர்த்தினார்கள், மறுபடி இறுக்கினார்கள். நிலமும் இல்லாமல் குடும்பமும் இல்லாமல் இளைஞர் கூட்டம் பெருகினால் என்ன ஆகும்? மூன்று வருடத்துக்கு ஒரு கலவரம், ஐந்து வருடத்துக்கு ஒரு கிளர்ச்சி என்பது அந்தத் தீவின் பழமொழியே ஆகிவிட்டது.

அவற்றில் பெரியது, 1786-ல் லின் ஷுவாங்வென் தொடங்கியது. அடக்கி முடிக்க 1788 ஆயிற்று. அந்த வெற்றியைத்தான் பேரரசர் சியான்லாங் சீனத்திலும் மஞ்சு மொழியிலும் கல்லில் பொறித்து ஆமைகளின் முதுகில் ஏற்றினார். கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணியாமல் தாக்குப்பிடித்த ஷுலுவோ ஊருக்கு ‘ஜியாயி’ என்று புதுப்பெயரும் கொடுத்தார். நேர்மையைப் பாராட்டுதல் என்று பொருள். இன்றைக்கும் ரயில் நிலையப் பலகையில் அந்தப் பெயர்தான்.

1874-ல் ஜப்பான் படை தெற்குக் கரையில் இறங்கிய பிறகுதான் பெய்ஜிங் விழித்தது. மறுவருடமே குடியேற்றத் தடை போனது. 1885-ல் தைவானைத் தனி மாகாணமாக அறிவித்தார்கள். முதல் ஆளுநர் லியு மிங்சுவான் ரயில் பாதை போடத் தொடங்கினார். 1891-ல் கீலுங்கிலிருந்து தைபேக்கு ரயில் ஓடியது. 1893-ல் சிஞ்சு வரை நீண்டது.

அடுத்த இரண்டே வருடத்தில், போரில் தோற்ற சீனா தீவை ஜப்பானிடம் ஒப்படைத்துவிட்டது.