200 அடிக்குக் கீழே

கொண்டோட்டியிலிருந்து ஏறும்போது தலைக்கு மேலே மேகமாகத் தெரிந்தது, கரிப்பூர் மேட்டை எட்டியதும் முகத்தில் ஈரமாக ஒட்டியது. கர்க்கடக மழைக்காலத்து விடியல். இங்குள்ள கோழிக்கோடு விமான நிலையம் குன்றின் தலையைச் சீவி அமைத்தது; கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 104 மீட்டர் மேலே. கீழே வயலில் நிற்பவருக்கு மேகம், இங்கே அதுவே மூட்டம்.

அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஓடுபாதையோரம் கிளைட் பாத் கம்பத்தடியில் மழைக்கோட்டோடு நின்ற பொறியாளர், முன்னால் கிடந்த புல்வெளியைக் காட்டினார். "இந்தத் தரையும் எங்க ஆண்டெனாதான் சார்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து நேரே போகும் அலையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்துதான், விமானம் இறங்கிவரும் 3 பாகைச் சரிவு உருவாகிறது. புல் உயர்ந்தால், தண்ணீர் தேங்கினால், ஒரு வண்டி வந்து நின்றால் அந்தச் சரிவு கோணிப்போகலாம். புல் வெட்டுவதும் வடிகால் பார்ப்பதும் இவருக்கு வானொலி வேலை. அலை எல்லை மீறினால் கண்காணிப்புக் கருவி சில நொடிகளில் அலைபரப்பியை அணைத்துவிடும். பிசகான வழியைக் காட்டுவதைவிட வழி காட்டாமலிருப்பது மேல் என்றார்.

சரியாகவே வேலை செய்தாலும் முதல் வகை ஐஎல்எஸ் எனும் கருவிவழித் தரையிறக்க அமைப்பு வழக்கமாக 200 அடி உயரம் வரைதான் கைபிடித்து வரும். ஓடுபாதையில் 550 மீட்டராவது பார்வை வேண்டும். அந்த உயரத்தில் விளக்கோ பாதையோ விமானியின் கண்ணில் படவில்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும். டெல்லியில் அடர்பனியிலும் இறங்குகிறார்களே என்று கேட்டேன். அதற்கு வேறு தரக் கருவி, வேறு விளக்குகள், அதற்கெனப் பயின்ற விமானிகள் வேண்டும். முழு நீள அணுகு விளக்கு வரிசைக்கே 900 மீட்டர் ஆகும். குன்றின் விளிம்பில் அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? வரிசை குறுகினால் தேவைப்படும் பார்வைத் தூரம் கூடும்.

வானிலை அலுவலகத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர். ஒளியைப் பாய்ச்சிப் பார்வையை அளக்கும் கருவி இருந்தும் அரைமணிக்கொரு தடவை வெளியே வந்து நிற்கிறார். தூரம் தெரிந்த அடையாளங்கள் அவருக்கு மனப்பாடம்: ஒரு கோபுரம், ஒரு பள்ளிவாசல் மினாரா, அதற்கப்பால் ஒரு குன்று. அன்று மினாரா இல்லை. அரைமணி ஆகுமுன்பே சிறப்பு அறிக்கை அனுப்பினார்.

வளைகுடாவிலிருந்து வந்த விமானம் ஒன்று மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. மாற்று நிலையம்வரை போகவும், அங்கே இன்னும் 30 நிமிடம் பறக்கவும் எரிபொருளை ஒதுக்கியே தீரவேண்டும். அந்த அளவைத் தொடுமுன் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டது.

வாசலில் காத்திருந்த குடும்பங்கள் கொதித்தன. இரண்டு வருடம் கழித்து வரும் அப்பாவைப் பார்க்க வந்த பிள்ளைகள். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2020 ஆகஸ்ட் 7 இரவு, இதே மேட்டில், மழையில், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பாதி ஓடுபாதையைக் கடந்தபிறகு தரைதொட்டு விளிம்பைத் தாண்டிச் சரிந்தது. 21 பேர் இறந்தார்கள். அதை நினைக்க, திரும்பிப்போன அந்த விமானம் எனக்குத் தோல்வியாகப் படவில்லை.

ஏழரைக்கு நாகர்கோவில்காரர் மறுபடி வெளியே வந்தார். நானும் கூடப் போனேன். வெகுநேரம் ஒரே திசையைப் பார்த்திருந்துவிட்டு, "மினாரா நுனி தெரியுது" என்றபடி உள்ளே விரைந்தார்.