கிரவுனுக்குள்ள டிகிரி காபி

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுற பதிவு. வண்டி, மெக்கானிக்னாலே ஓடிப்போற மக்களும் கொஞ்சம் பொறுங்க, எங்கப்பாவும் இதுல வர்றார் :-)

2021 பொங்கல் சமயம் ஞாபகம் இருக்கா? டெல்டா முழுக்க ஜனவரியில பெய்யக்கூடாத மழை பெய்ஞ்சு, அறுப்புக்கு நின்ன சம்பா சாஞ்சு, கதிர்லயே முளைச்சுப் போன வருஷம். மழைக்கு முன்னாடியே அறுத்த நெல் மட்டும் எங்க களத்துல தார்ப்பாய்க்குள்ள தப்பிச்சுக் கிடந்தது. கிடைச்ச வெயில்ல அதைக் காயவெச்சு, ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த மழைக்குள்ள கொள்முதல் நிலையத்துல சேர்க்கணும். நடுவுல ஒரு வாய்க்கால். தரைப்பாலத்துக்கு மேல முழங்கால் அளவு தண்ணி.

நம்மகிட்டதான் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் இருக்கே! நாப்பது கிலோ மூட்டை இருபத்தஞ்சு ஏத்தி, களிமண் ரோட்டுல உறுமிக்கிட்டு வந்து பாலத்துகிட்ட நின்னேன். பக்கத்துல அப்பா.

"செத்த நேரம் நிறுத்திட்டு இறக்குடா. மாட்டை வேர்வையோட தண்ணியில இறக்கப்படாது."

"இதுக்கு ஏதுப்பா வேர்வை?"ன்னு சிரிச்சுக்கிட்டே இறக்கினேன். அன்னைக்கு நாலு நடை. நெல்லு பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு. ஊரே பாராட்டுச்சு. எனக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கத் தோணுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு வண்டிக்குப் பின்னாடி 'ஊங்ங்'னு ஒரு சத்தம். மெக்கானிக் அண்ணன் அடியில படுத்து, கிரவுன் நட்டைக் கழட்டினார். கறுப்பா ஆயில் வரும்னு பார்த்தா, டிகிரி காபி வருது. ஆயிலும் தண்ணியும் கலந்து, நுரையோட. பேரிங் போயிடுச்சு, கிரவுன் பினியன் பல்லும் பொரிஞ்சிருந்துச்சு. நாலு நடையில ஒரு நடை நெல்லோட காசு அதுக்கே போச்சு.

"தம்பி, கிரவுன் தலையில ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். உங்க வண்டியில அது சேறடைச்சுக் கெடக்கு" என்றார். விஷயம் இதுதான். பாரம் இழுத்து வந்த டிஃபரன்ஷியல் கொதிச்சுக்கிட்டு இருக்கும். சடார்னு குளிர்ந்த தண்ணியில இறக்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும். பிரீதர் அடைச்சிருந்தா, ஆக்சில் சீல் வழியா வெளித்தண்ணியை உறிஞ்சிக்கும். அடைக்காம இருந்தாலும், அது தண்ணிக்குள்ள முங்கினா அது வழியாவே உறிஞ்சும். அப்பா சொன்ன வேர்வைக் கதை எவ்வளவு சரின்னு அப்பதான் உறைச்சுது.

சரி, இனிமே ஒஸ்தி ஆயில் ஊத்தி நல்லா பார்த்துக்குவோம்னு, முன்னாடி, பின்னாடி, டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் எல்லாத்துக்கும் ஜிஎல்-5 வாங்கிட்டுப் போய் நின்னேன். நாலை விட அஞ்சு பெருசுதானே? அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார்.

டிஃபரன்ஷியல்ல இருக்கிறது ஹைப்பாய்டு பல். 1926-லயே பேக்கார்டு கார்ல வந்தது. பல்லு மேல பல்லு உருளுறதோட நிக்காம, அழுத்தி வழுக்கிக்கிட்டே போகும். அந்த அழுத்தத்துல சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிஞ்சுடும். அதுக்குத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5. ஆயில்ல வர்ற அந்த அழுகின வாடை கந்தகத்தோடது.

கியர் பாக்ஸ்ல பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கு. சூட்டுல அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கலாம். போதாததுக்கு, வளையம் பிடிக்கவேண்டிய நேரத்துல ஆயில் வழுக்கிவிட்டா கியர் மாத்தும்போது 'கரக்'குங்கும். அங்கே ஜிஎல்-4 போதும். எங்க வண்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் பழைய பல்சக்கர வகை, அதனால அதுக்கும் கியர் பாக்ஸ் ஆயிலே. புது வண்டிகள்ல பலதுல உள்ள செயின் ஓடும், அதுல பெரும்பாலும் சிவப்பு ஏடிஎஃப்தான் ஊத்தணும். கெட்டியான தொண்ணூறை ஊத்தினா எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

இன்னொன்னு. 90 நம்பரைப் பார்த்து இன்ஜின் ஆயில் 40-ஐ விட ரெண்டு மடங்கு கெட்டின்னு நானும் நினைச்சிருந்தேன். ரெண்டும் வேற வேற அளவுகோல். சூட்டுல கியர் ஆயில் 90-ம் இன்ஜின் ஆயில் 40, 50-ம் கிட்டத்தட்ட ஒரே கெட்டி. நம்மூர் வெயிலுக்கு 80டபிள்யூ-90 தாராளம். எப்பவும் பாரம்தான்னா, கம்பெனி புக் அனுமதிச்சா, டிஃபரன்ஷியலுக்கு 85டபிள்யூ-140.

எவ்வளவு ஒஸ்தி ஆயிலா இருந்தாலும் தண்ணி கலந்தா காபிதான். அதனால பிரீதர்ல ரப்பர் டியூப் மாட்டி மேல வரைக்கும் ஏத்திக் கட்டியாச்சு. தண்ணியில இறங்கின வாரம் நட்டை லேசா தளர்த்தி நாலு சொட்டு பார்க்கிறது வழக்கமாச்சு.

போன ஐப்பசி மழையில அதே தரைப்பாலம், அதே தண்ணி. நான் புளியமரத்தடியில வண்டியை ஓரங்கட்டி அணைச்சேன். அப்பா ஒண்ணும் கேக்கலை. வெத்தலைப் பொட்டியைத் திறந்து நிதானமா காம்பு கிள்ள ஆரம்பிச்சார்.

பி.கு: பழைய ஆயிலை வடிக்கிறதுக்கு முன்னாடி, ஊத்துற பக்கத்து நட்டு கழலுதான்னு முதல்ல பாருங்க. வடிச்சப்புறம் அது கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்கவேண்டியதுதான். இது எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க :-)