உப்புக்குப் பழகிய எஞ்சின்

பழைய டாடா டூ நாட் செவன் பிக்கப் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் எஞ்சினைப் பற்றித்தான் சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது. 1988-இல் டாடாமொபைல் 206 என்ற பெயரில் வந்த பிக்கப்பில் இருந்தது 1,948 சி.சி. டீசல் எஞ்சின். பின்னால் வந்த 207 டி.ஐ.-யில் ஏறியது ஃபோர் நாட் செவன் லாரியில் ஓடிய 497 வகை. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2,956 சி.சி. சின்ன உடம்புக்குள் லாரி எஞ்சின். ஓட்டம் குறைவு, இழுவை அதிகம். ஐஸ் பெட்டியும் இறால் கூடையுமாக நிறைந்த வண்டி, கரை மணலிலிருந்து இரண்டாவது கியரில் முக்கி மேலேறும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்த எஞ்சின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்த எஞ்சினை, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரான தோணிரேவில் தின்பது உப்பு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தில் ஏரித் தண்ணீரின் கரிப்பு இறங்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால், கடல்தண்ணியை விடவும் கரிக்கும். இறாலும் நண்டும் மடவையும் வண்டியில் ஏறும்போது அந்தத் தண்ணியும் கூடவே ஏறுகிறது. ஐஸ் உருக உருக, பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸில் இறங்குகிறது. பொன்னேரி, மீஞ்சூர் தாண்டிச் சென்னை போய்ச் சேரும்வரை சொட்டிக்கொண்டே போகும். திரும்பி வந்து நிற்பதும் கடற்காற்றில்தான். பட்டை, பிரேக் பைப், சைலன்சர், டீசல் டேங்க் என்று ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டு போகிறது. எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடத் தயாராக இருக்கும்போது, அதைத் தாங்கும் சேஸிஸ் செதில் செதிலாக உதிர்ந்துபோன வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள் இங்கே.

அதனால் வண்டியில் ஆல்ட்ரேஷன் என்று எங்கள் ஊரில் நடப்பது வேறு மாதிரி. பாடியின் தரையில் தகடு அடித்து, பின்பக்கம் லேசாகச் சரிவு கொடுத்து, மூலையில் ஒரு ஹோஸை மாட்டிப் பின்சக்கரத்துக்கும் அப்பால் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். பேட்டரியிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுப்பார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணி வழியின் ஓட்டைகளை அடைத்திருக்கும் இரும்பு டம்மிகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை டம்மி அடிப்பார்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணியில் கழுவி, டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஸ்பிரே செய்வார்கள். இவை எதுவும் வண்டியின் வேகத்தை ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாது. வண்டியின் ஆயுளைக் கூட்டும்.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சோம்பேறித்தனமாகச் சுற்றும். உடனே பேட்டரி போய்விட்டது என்பார்கள். புது பேட்டரி வாங்கிப் போட்டால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை. பல நேரம் கோளாறு சேஸிஸில் எர்த் போல்ட்டு முறுக்கியிருக்கும் இடத்தில் இருக்கிறது. மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் வாஷருக்கு அடியில் துரு ஒரு படலமாகப் படிந்திருக்கும். ஒயரின் செம்பு பச்சைக் களிம்பு ஏறி நுனியில் பொடியாக உதிரும். செல்ஃப் இழுக்கும் கரண்ட் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் படலத்தைத் தாண்டிப் போவதற்குள் பாதி பலம் அங்கேயே சூடாகக் கரைந்துவிடுகிறது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். அடுத்த நாள் காலை அதே பழைய பேட்டரியில் எஞ்சின் பட்டென்று பிடித்துக்கொள்ளும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் லாரி மெக்கானிக் அல்ல, படகு எஞ்சின் பார்க்கும் ஒரு பெரியவர். உப்பில் புழங்கியவர்களுக்கு நோய் எங்கிருந்து தொடங்கும் என்று தெரியும்.

அடுத்தது ரேடியேட்டர் தண்ணி. எங்கள் பக்கம் குடிதண்ணீர் சுலபமாகக் கிடைப்பதில்லை. கை பம்பில் வருவது கரிக்கும். குடிக்க கேன் வாங்குகிறோம். அப்படியிருக்க, ஒரு வண்டிக்குப் போய்க் குடிதண்ணியை ஊற்றுவதா என்று வீட்டுப் பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கரிக்கும் தண்ணியை ஊற்றிய எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்கள் மறுபடி அதைச் செய்யமாட்டார்கள். ஹெட்டைத் தூக்கினால், சிலிண்டரைச் சுற்றித் தண்ணி ஓட வேண்டிய வழியெல்லாம் சுண்ணாம்பும் துருச்சேறும் அடைத்துக்கிடக்கும். அதன் வழியே சூடு வெளியேறாது. பின்பக்கத்து சிலிண்டர் அதிகம் சூடாகும், ஹெட் லேசாக வளையும், கேஸ்கட் ஒரு மூலையில் வாய் விடும். பிறகு டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மோர் நிறத்தில் இருக்கும். அதோடு விட்டால் பேரிங் போகும், கிராங்க் போகும். கேனில் மிச்சம் பிடித்த தண்ணிக்கு விலையாக ஒரு முழு எஞ்சின் வேலை. ரேடியேட்டருக்குக் கேன் தண்ணியும் கூலன்ட்டும், இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைத்தண்ணி. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி சூடானால் பல ஷெட்டுகளில் முதலில் செய்யும் வேலை, தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். கழற்றியதும் சூட்டுமுள் இறங்குவதால் நோய் தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். உண்மையில் அடைப்பு அப்படியே இருக்கிறது, முள்தான் இறங்கியிருக்கிறது. தெர்மாஸ்டாட் இல்லாத எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும். அதுவரை எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயில் பாத்திரத்துக்குள் இறங்கும். ரிங்கும் லைனரும் உலர்ந்து உரசித் தேயும். விடியற்காலையில் பாரத்தோடு கிளம்பும் மீன் வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அந்தச் சின்ன வால்வின் விலை, ஒரு நடைக்கு ஆகும் ஐஸ் செலவுகூட இருக்காது.

பம்ப் ஏற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் இழுக்கவில்லை என்றால் இஞ்செக்‌ஷன் பம்பில் முத்திரை வைத்திருக்கும் ஸ்க்ரூவை உடைத்து, டீசல் அளவைக் கூட்டிவிடுவார்கள். வண்டி கொஞ்ச நாள் பாய்ந்துகொண்டு போகும், பின்னால் கரும்புகை எழும். உள்ளே வரும் காற்று அப்படியே இருக்க, டீசலை மட்டும் கூட்டினால் மிச்சமெல்லாம் கரிதான். அந்தக் கரி பிஸ்டன் தலையில் படிகிறது, ஆயிலைக் கறுப்பாக்குகிறது. பஸ்ஸுக்காக நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்துக்கும் போகிறது. பழைய வண்டிமேல் பாசம் வைத்திருக்கிறேன் என்பதற்காக இதை நான் மன்னிக்க மாட்டேன். இழுவை குறைந்தால் காரணம் தேட வேண்டும். ஏர் ஃபில்டரில் மணலா, டேங்க் துரு டீசல் ஃபில்டரை அடைத்திருக்கிறதா, நாசில் சிதறலாக அடிக்காமல் ஒழுகுகிறதா, டேப்பட் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கே புகை தள்ளித் தள்ளி வருகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். புகை தள்ளினால் கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது ரிங்கை மாற்றியே ஆக வேண்டும். பம்பை டவுன் பம்ப் ரூமில் மெஷினில் ஏற்றி, கம்பெனி அளவுக்கே திருப்பி வைப்பதுதான் நான் நம்பும் டியூனிங்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தாழ்வான இடத்தில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணி புகுந்தது. எங்கள் வண்டியும் அதில் ஒன்று. தண்ணி வடிந்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் எண்ணம், ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்பது. படகு மெக்கானிக் பெரியவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"செல்ஃபு அடிக்காதீங்கப்பா! மொதல்ல பேட்டரியக் கழட்டு. உள்ள தண்ணி நின்னுதுன்னா கான்ராடு வளைஞ்சிடும்."

"ஆயில மாத்திட்டா போதாதா பெரிப்பா?"

"ஆயிலு மட்டுமா? எங்கெங்க தண்ணி பூந்துதோ அங்கெல்லாம் தொறந்து பாக்கணும். உப்பு உள்ளயே காஞ்சிடக் கூடாது."

காற்றை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணியை வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றினால், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லாமல் கான்ராட் வளைகிறது. அவர் நான்கு நாசிலையும் கழற்றச் சொன்னார். அடியில் ஆயில் போல்ட்டைத் தளர்த்தினால் முதலில் வந்தது தண்ணி. ஆயிலைவிடக் கனமானதால் அது அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால்தான் கலங்கிய ஆயில் வந்தது. பிறகு முன்பக்கப் புல்லி போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, கையாலேயே மெதுவாகச் சுற்றினார். நாசில் ஓட்டையிலிருந்து தண்ணி பீச்சியடித்துப் பானெட்டை நனைத்தது. வெறும் காற்று வரும்வரை சுற்றி, ஓட்டைகள் வழியே ஆயில் விட்டு, மறுபடி சுற்றினார். கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டிலும் ஆயிலை இறக்கினோம். டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தோம். செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் நல்ல தண்ணியில் அலசிக் காயவைத்தார். கழற்றியதை எல்லாம் அவர் நல்ல தண்ணியில் அலசுவதைப் பார்த்து, நனைந்ததை எதற்கு மறுபடி நனைக்கிறார் என்று இளைஞர்கள் கேட்டார்கள். கடலில் விழுந்த படகு எஞ்சினை, பிரிக்கும் நேரம் வரும்வரை நல்ல தண்ணி டிரம்மில் மூழ்க வைத்திருப்பார்களாம். வெளியே எடுத்துக் காற்று பட்டதும்தான் துரு வேகமாகப் பிடிக்கும். புது ஆயில் ஊற்றி, டீசல் லைனில் ஏர் லாக் எடுத்து, ஓடவிட்டு, கொஞ்ச நேரத்தில் அந்த ஆயிலையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினோம். அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது.

ஓடாமல் போயிருந்தால் சென்னைப் புதுப்பேட்டைக்குத்தான் போயிருக்க வேண்டும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில் ஹாஃப் எஞ்சினாகவும் முழு எஞ்சினாகவும் கிடைக்கும். பில்லும் எஞ்சின் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. அதே வகை எஞ்சினை வைத்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். வேறு வண்டியின் டர்போ எஞ்சினைப் பொருத்தலாமே என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பிரேக்கும் கிரவுனும் பட்டையும் அந்தப் பழைய எஞ்சினின் வேகத்துக்கு அளவெடுத்துச் செய்தவை. வேகத்தைக் கூட்டிவிட்டு, உப்பரித்த பிரேக் பைப்பை நம்பிப் பொன்னேரி சாலையில் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. பழசாக ஆக, அதற்கான கட்டணமும் கெடுபிடியும் கூடிக்கொண்டே போகின்றன. 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகள் விடும் புகை, எங்கள் வண்டியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. அது நல்லது, அந்தக் காற்றை நாமும்தான் சுவாசிக்கிறோம். ஆனால் அந்த வண்டிகள் ஓடுவது சென்சாரையும் ஒயரையும் நம்பி. ஏரிக்கரையில் ஒயரும் கனெக்டரும் என்ன பாடுபடும் என்பதை நகரத்து சர்வீஸ் சென்டரில் இருப்பவர்கள் அவ்வளவாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் பாடத்தில் கடற்கரை ஊர்களுக்கென்று உப்பைப் பற்றி ஒரு வாரமாவது சேர்க்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கப் படகு எஞ்சின் பார்ப்பவர்களையே கூப்பிட வேண்டும். அவர்களிடம் சர்டிஃபிகேட் இல்லாமல் இருக்கலாம், கை இருக்கிறது.

எங்கள் ஷெட்டில் பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஐ.டி.ஐ. முடித்தவன். போன மாதம் ஒரு புது பிக்கப் வந்தது. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. ஸ்கேனரில் ஏதோ ஒரு சென்சாரின் பெயர் வந்தது. ஓனர் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார். தம்பி அதன் கனெக்டரை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பின்னில் பச்சைக் களிம்பு. கிளீனர் அடித்துத் துடைத்து, ரப்பர் சீலை மாற்றி, கிரீஸ் தடவி மாட்டினான். பிறகு யாரும் சொல்லாமலே கீழே படுத்து, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலிருந்த எர்த் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தான்.